ஒரு தள்ளுவண்டி, மூன்று கார்

போன மாதம் அலுவலகத்திலிருந்து பிரவீணா கூப்பிட்டார். ஒரு காலத்தில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் உதவிப் பொறியாளர். ஓய்வுபெற்றவனை அலுவலகம் நினைத்துக்கொள்ள வழக்கமாக இரண்டு காரணங்கள்தான் உண்டு. யாராவது காலமாகியிருக்க வேண்டும், அல்லது ஏதாவது கோப்பு காலமாகியிருக்க வேண்டும். இது இரண்டும் இல்லை.

“சார், தீவுப் பாலத்துல கேமரா வெச்சு வண்டி எண்ணிட்டிருக்கோம். எல்லாம் சரியா வருது. தள்ளுவண்டி மட்டும் தினமும் சைபர். ஆனா பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு இஸ்திரி வண்டி நிக்கறது அதே கேமராவுல தெரியுது. சாஃப்ட்வேர் கோளாறா இருக்குமா?”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உண்மையில் யோசிக்க ஒன்றும் இல்லை. பதில் தெரியும். ஆனால் அது தொலைபேசியில் சொல்லி முடிகிற பதில் இல்லை. நெடுஞ்சாலைத் துறை நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில், கையால் எப்படி எண்ணினீர்கள் என்று இளையவர்கள் அவ்வப்போது கேட்பதுண்டு. டைனோசரிடம் வால் எப்படி இருந்தது என்று கேட்கிற குரலில் கேட்பார்கள். இரு தரப்புக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் தீவு. இரும்புலியூரிலிருந்து ரயில் பாதையை ஒட்டிக் கொஞ்சம் உள்ளே போனால் ஒரு காலனி வரும். பத்திரத்தில் அதற்கு ஒரு சாமி பெயர் இருக்கிறது. ஆட்டோக்காரரும் தபால்காரரும் தீவு என்றுதான் சொல்வார்கள். மூன்றே தெருக்கள். ஒரு பக்கம் ரயில்வே மதில், இன்னொரு பக்கம் ஏரி, மிச்சத்தை வளைத்துக்கொண்டு ஏரியின் உபரிநீர்க் கால்வாய். உள்ளே போக ஒரே வழி, கால்வாயில் குழாய்களைப் பதித்து மேலே மண்ணும் தாரும் போட்ட ஒரு சிறுபாலம். ஐப்பசியில் ஏரி நிரம்பியதும் தண்ணீர் குழாய்க்குள் போக மனமில்லாமல் பாலத்தின் மேலேறிப் போகும். அதன் பிறகு மழை ஓயும்வரை அது பெயருக்கேற்ற தீவுதான்.

அப்படி அடைபட்டுப் பழகியவர்களிடம் ஒரு கப்பல் ஒழுங்கு வந்துவிடுகிறது. தாம்பரத்தில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கும் காஜா பாயிடம் ஜெனரேட்டர் இருந்தது. ஆகவே மின்சாரம் போனால் எல்லா வீட்டுப் பொருளும் அவர் வீட்டு ஃப்ரிட்ஜுக்குக் குடிபெயரும். பாய் வீட்டுக் கறியும் மூன்றாம் தெரு மாமியின் தோசை மாவும் ஒரே குளிரில், தட்டு மட்டும் வேறு. குரோம்பேட்டையில் பள்ளி ஆசிரியையாக இருந்த கல்யாணி டீச்சர் மொட்டை மாடியில் பொதுச் சமையல் நடத்துவார். காலனிச் சங்கத்தின் தலைவரும் அவர்தான். இஸ்திரி எல்லப்பன் துவைத்த துணியையெல்லாம் கரிப் பெட்டியாலேயே காயவைத்துக் கொடுப்பான். மழைக் காலத்தில் யாரும் யாரோடும் சண்டை போடக் கூடாது என்பது எழுதாத சட்டம். சேர்த்து வைத்திருந்து தை மாதத்தில் போட்டுக்கொள்வார்கள்.

தண்ணீர் வடிந்ததும் இன்னொரு வழக்கம். வெள்ளம் தெருமுனைப் பிள்ளையாரின் காலைத் தொட்டிருந்தால், காலனி செலவில் அவருடைய பீடத்தை அந்த மட்டத்துக்கு மேல் ஒரு படி உயர்த்திவிடுவார்கள். மனிதர்கள் முழங்கால் நீரில் நிற்கலாம், சாமி நிற்கக் கூடாது. இது பின்னால் வரும்.

ஏரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாம்பரத்தைச் சுற்றி ஏரி என்று பெயர் முடிகிற நிறுத்தங்களில் பஸ்ஸை விட்டு இறங்கி ஏரியைத் தேடாதீர்கள். கடைக்காரர் உங்களைச் சந்தேகமாகப் பார்ப்பார். தீவின் ஏரி மட்டும் ஏரியாகவே இருந்தது. நாமக்கோழி நீந்தும், நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைக்கும், மார்கழியில் கூழைக்கடாக்கள் வந்து அரசாங்க விருந்தினர் போல அசையாமல் மிதக்கும். சித்திரையில் ஊரெல்லாம் தண்ணீர் லாரிக்குக் குடத்தை வரிசையில் வைக்கும்போது தீவுக் கிணறுகளில் இனிக்கிற தண்ணீர் இருக்கும். ஏரி பிழைத்ததற்குக் காரணம் யாருடைய நல்ல மனசும் இல்லை. கட்டட இடிபாட்டைக் கொட்ட வருகிற லாரி அந்தச் சிறுபாலத்தில் ஏற முடியாது, அவ்வளவுதான். லாரி போகாத ஏரிதான் இந்தப் பக்கத்தில் ஏரியாக மிச்சமிருக்கிறது.

இனி என் கதை. பொறியியல் படித்துப் பாலங்கள் கட்டப் போகிறேன் என்று வேலைக்கு வந்தவனைத் துறை மறைமலை நகர் அருகே சாலையோரம் உட்காரவைத்து லாரி எண்ணச் சொன்னது. நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு, அடுத்த கட்டு. முதல் சில வருடங்களில் நான் கற்றது இதுதான். மிச்சத்தைக் கல்லூரியிலேயே தெரிந்துகொண்டு வந்திருந்தேன், அது எதுவும் பயன்படவில்லை.

எண்ணுவதற்கு முறை உண்டு. ஒரு வாரம், இரவும் பகலும், போகிற திசைக்கு ஒருவர் வருகிற திசைக்கு ஒருவர். டீ குடிக்க ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுந்திருக்கலாம். எண்ணியதை அப்படியே கூட்டக் கூடாது. ஒவ்வொன்றும் எத்தனை காருக்குச் சமம் என்று மாற்ற வேண்டும். கார் ஒன்று. ஆட்டோவும் ஒன்று. இருசக்கர வாகனம் அரை. பஸ் மூன்று. தள்ளுவண்டியும் மூன்று. மாட்டுவண்டி எட்டு வரை போகும். மெதுவாகப் போவது சாலையை அதிக நேரம் அடைக்கிறது என்பது தத்துவம். தள்ளுவண்டிக்காரருக்கு இந்த நாட்டில் பஸ்ஸுக்குச் சமமான மரியாதை கொடுப்பது எங்கள் அட்டவணை ஒன்றுதான். நடந்து போகிறவர்களுக்கு அதில் இடமே இல்லை. கிடைத்த கூட்டுத்தொகையை வைத்து, பாலம் எத்தனை அகலம் என்று மேலே வடிவமைப்புப் பிரிவு முடிவு செய்யும். அவர்கள் இடத்தைப் பார்க்க மாட்டார்கள். பார்த்தால் மனம் இளகிவிடும் என்ற பயமாக இருக்கலாம்.

எனக்கு மேலே கோட்டப் பொறியாளராக இருந்தவர் திருஞானம் சார். அவரைப் போல இன்னொருவரை நான் பார்த்ததில்லை. களத்துக்கு வரும்போது மடக்கு ஸ்டூல் ஒன்றைத் தானே தூக்கிக்கொண்டு வருவார். எவர் நாற்காலி போட்டாலும் உட்கார மாட்டார். உட்கார்ந்தால் அந்த நாற்காலிக்காரருக்குச் சாதகமாக எழுத வேண்டியிருக்கும் என்பார். ஃப்ளாஸ்கில் வெந்நீர். கோப்பைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் படிப்பார். கோபமே வராது. எதைச் சொன்னாலும் “இருக்கட்டும்” என்பார். அந்த ஒரு சொல்லுக்குச் சரி, முடியாது, அப்புறம் பார்ப்போம், நீ ஒரு முட்டாள் என்று பல பொருள் உண்டு. எது என்பதை அவர் கண்ணாடியைக் கழற்றுகிறாரா மாட்டுகிறாரா என்பதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒருமுறை குரோம்பேட்டையில் எண்ணிக்கொண்டிருந்தபோது ஒரு சாவு ஊர்வலம் வந்தது. பூ அலங்காரம் செய்த நாலு சக்கர வண்டியைப் பத்துப் பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். எதில் எழுதுவது என்று என் ஆள் விழித்தார். நான் திருஞானம் சாருக்குத் தொலைபேசி செய்தேன்.

“சக்கரம் இருக்கா?”

“இருக்கு சார்.”

“தள்றாங்களா?”

“தள்றாங்க சார்.”

“அப்ப தள்ளுவண்டி.”

“உள்ள ஒருத்தர் இருக்காரு சார்.”

“அவர் தள்றாரா?”

“இல்ல சார்.”

“அப்ப அவரை விடு” என்று வைத்துவிட்டார்.

இப்படிப்பட்டவரின் கோட்டத்தில்தான் தீவு இருந்தது. சிறுபாலத்தை உயர்த்திக் கட்டித் தாருங்கள் என்று கல்யாணி டீச்சர் வருடம் தவறாமல் மனுக் கொடுத்தார். ஒரு மழையில் குழாய்களில் இரண்டு உடைந்துபோக, புதுப் பாலத்துக்குக் கோப்பு திறந்தார்கள். முறைப்படி முதலில் வண்டி எண்ண வேண்டும். உள்ளாட்சிக்கு முன்கூட்டித் தகவல் சொல்ல வேண்டும் என்பதும் முறை. ஆகவே தீவுக்கும் தெரிந்துவிட்டது. அன்று மாலையே தண்ணீர்த் தொட்டியடியில் கூட்டம் போட்டார்கள்.

கணக்கெடுப்பின் இரண்டாம் நாள் நான் போய்ப் பார்த்தேன். மூன்று தெருக் காலனிக்குள் திருவிழா போல வண்டிகள். டீச்சர் முறை போட்டுக் கொடுத்திருந்தார். முதல் தெரு ஸ்கூட்டர்கள் காலையில், இரண்டாம் தெரு மதியம். வெளியே போய், ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வருவார்கள். காஜா பாயின் சின்ன லோடு வண்டி ஒரே பம்பு செட்டை ஏற்றிக்கொண்டு உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தது. மூன்றாம் முறை என் ஆள் அந்த பம்பு செட்டைப் பார்த்து வணக்கம் வைத்தார்.

நடுவே எல்லப்பன். இஸ்திரி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான், பாலம் தாண்டியதும் திருப்பினான், தள்ளிக்கொண்டு வந்தான். டீச்சர் போட்ட முறையில் அவன் பெயர் இல்லை. தள்ளுவண்டி எதில் சேர்த்தி என்று விட்டுவிட்டார். எல்லப்பனுக்கு அது மனத்தாங்கல்.

“ஊரே போய்னு வந்துனு கீது சார். நான் மட்டும் ஓரமா நின்னு வேடிக்கை பாக்கணுமா? எனுக்கும் பாலம் வேணும்ல” என்றான் என்னிடம், நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு. அந்த வாரம் முழுக்க அவன் ஒரு சட்டைகூடத் தேய்க்கவில்லை.

நான் திருஞானம் சாரிடம் போய், ஒரே வண்டிகள் திரும்பத் திரும்பப் போகின்றன என்றேன். அவர் கடைசிப் பக்கத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“பாலத்து மேல போச்சா?”

“போச்சு சார். ஆனா...”

“போச்சுன்னா எண்ணு. ஏன் போச்சுன்னு கேட்கறது நம்ம வேலை இல்ல.”

என் சந்தேகத்தைக் குறிப்பாக எழுதிச் சேர்த்தேன். “இருக்கட்டும்” என்றார், கண்ணாடியைக் கழற்றி.

வடிவமைப்புப் பிரிவு கணக்கைப் பார்த்து அசந்துபோயிருக்க வேண்டும். ஒரு முட்டுச்சந்துக் காலனியில் ஒரு நகரத்துச் சாலைக்கான போக்குவரத்து. இவ்வளவு வண்டிகள் எங்கோ போகத்தானே வேண்டும் என்று அவர்களாகவே முடிவு செய்து, இருவழிப் பாலமும், அதிலிருந்து தீவை ஊடுருவி, ஏரியின் நீர்ப்பிடிப்பின் மேலேயே மண் நிரப்பி, பைபாஸைத் தொடும் இணைப்புச் சாலையும் அனுமதித்துவிட்டார்கள். வரைபடத்தில் ஏரி நீல நிறத்தில் இருந்தது. அதன் குறுக்கே சிவப்புக் கோடு.

செய்தி வெளியான வாரத்திலேயே ஏரிக்கரையின் எதிர்ப் பக்கத்தில் நில அளவைக் கற்கள் முளைத்தன. வெள்ளைச் சட்டைக்காரர்கள் காரில் வந்து நின்று ஏரியைப் பார்த்தார்கள். அவர்கள் கூழைக்கடா பார்க்க வந்தவர்கள் இல்லை.

டீச்சரும் காஜா பாயும் அலுவலகத்துக்கு வந்தார்கள். டீச்சர் வரைபடத்தை மேஜையில் விரித்தார்.

“சார், நாங்க கேட்டது மழையில நனையாம பால் பாக்கெட் வாங்க ஒரு பாலம். நீங்க பைபாஸையே வாசல்ல கொண்டாந்து விடறீங்க. இந்த ரோடு வந்தா அன்னைக்கே லாரி வரும். லாரி வந்தா ஏரி ரெண்டு வருஷம் தாங்காது. அப்புறம் மழைத் தண்ணி எங்க போகும்? எங்க வீட்டுக்குள்ளதான்.”

“நம்ம கிணத்துத் தண்ணியும் போயிடும் சார்” என்றார் பாய். “எம்பொண்ணு நூர் மாசமா வந்திருக்கா. பேரப்புள்ளைய லாரித் தண்ணியிலயா குளிப்பாட்டறது?”

பிரச்சினை என்னவென்றால், மனுக் கொடுத்துக் கேட்பதற்கு முறை இருக்கிறது. கேட்டதைவிட அதிகம் கிடைத்துவிட்டால் திருப்பிக் கொடுக்க முறை இல்லை. அரசாங்கத்தின் வரலாற்றில் அப்படி யாரும் வந்ததில்லை போலிருக்கிறது. எனக்குத் தெரிந்து ஒரே ஒரு சந்து இருந்தது. ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன், களப் பொறியாளர் கணக்கில் ஐயம் எழுப்பியிருந்தால், கோட்டப் பொறியாளர் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிடலாம். என் குறிப்பு கோப்பில் இருந்தது. திருஞானம் சார் அதை எடுத்துப் பார்த்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “இருக்கட்டும். நானே வந்து உட்கார்றேன்” என்றார்.

மறுபடி தொட்டியடிக் கூட்டம். இந்த முறை ஒரு வண்டிகூடப் பாலத்தில் ஏறக் கூடாது என்று தீர்மானம். நடக்கிறவர்களுக்குக் கணக்கில் இடமில்லை என்பதை டீச்சர் எங்கிருந்தோ விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தார். எல்லா ஸ்கூட்டரும் பைக்கும் பாயின் கடைக்குப் பின்னாலிருந்த காலி மனைக்குப் போயின. தீவு மழையில்லாமலே தீவாகிவிட்டது. ஐ.டி. கம்பெனிக்குப் போகிறவர்கள் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு செருப்போடு நடந்தார்கள். காஸ் சிலிண்டரைக் கம்பில் கட்டி இரண்டு பேர் தோளில் சுமந்து போனார்கள். மாமி ஒருவர் காய்கறிப் பையோடு வெயிலில் போகும்போது, மழைக்காலத்திலாவது தலையில் குளிர்ச்சி இருக்கும் என்று பொதுவாகக் காற்றிடம் சொல்லிவிட்டுப் போனார். எல்லப்பன் வண்டிக்குக் கல் முட்டுக் கொடுத்து, சக்கரத்தைப் பூவரச மரத்தில் சங்கிலியால் கட்டிப் பூட்டி, சாவியை டீச்சரிடம் கொடுத்துவிட்டான். தன் மேல் தனக்கே நம்பிக்கையில்லை என்றான்.

பாலத்தின் வெளி முனையில், புங்கமர நிழலில், திருஞானம் சார் தன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நான். எங்கள் ஆட்களின் தாளில் கோடு விழவே இல்லை. முதல் நாள் ஒரு சைக்கிள், தெரியாமல் வந்த கூரியர்காரன். டீச்சர் அவனைப் பார்த்த பார்வையில் அடுத்த நாள் அவன் நடந்து வந்தான். தீவுக்காரர்கள் எங்களைக் கடக்கும்போதெல்லாம் வணக்கம் வைத்தார்கள். சார் பதில் வணக்கம் வைத்தார். மோர் கொடுத்தார்கள். வெந்நீர் இருக்கிறது என்றார்.

கடைசி நாள் காலை பத்து மணி வாக்கில் ஒரு ஆம்புலன்ஸ் சங்கு ஊதிக்கொண்டு வந்து பாலத்துக்கு வெளியே நின்றது. ஓட்டுநர் இறங்கி, உள்ளே வர வேண்டாம் என்று கூப்பிட்டவரே சொல்லிவிட்டார், இது என்ன சார் ஊர் என்று எங்களிடமே கேட்டார். கொஞ்ச நேரத்தில் மூன்றாம் தெருவிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. நாலு பேர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அதில் காஜா பாயின் மகள் நூர், இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி. பிரசவ வலி இரண்டு வாரம் முன்னதாகவே வந்துவிட்டது. ஏரியோரம் கடைசி வீடு அவர்களுடையது. வழியோ நீளம், நாற்காலிக்கு ஒரு கால் வேறு ஆட்டம். பாதி வழியில், எங்களுக்குப் பேச்சு கேட்கிற தூரத்தில், அவளை இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள்.

“அத்தா, உங்க ஏரிக்காக நான் ரோட்டுலயே பெத்துக்கணுமா?” என்றாள் நூர். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

பாய் நாற்காலியின் ஆடுகிற காலைப் பிடித்துக்கொண்டார். அவர் முகம் வெளுத்திருந்தது. ஊருக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம். எல்லப்பன்தான் குறுக்கே வந்தான்.

“டீச்சரக்கா, சாவியக் குடு. பாப்பாவ நம்ம வண்டில படுக்க வெச்சுத் தள்ளினு போய்ட்றேன். ஆம்புலன்ஸ் பாலம் ஏற வேணாம், ஆளும் அலுங்காது.”

டீச்சர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துவிட்டார். அந்த நேரத்தில்தான் திருஞானம் சார் ஸ்டூலிலிருந்து எழுந்தார். அவர் வேகமாக நடந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

“அந்தச் சாவியை உள்ள வைங்கம்மா. ஆம்புலன்ஸை உள்ள விடுங்க.”

“சார், கணக்குல ஏறிடுமே” என்றார் டீச்சர். “இவ்வளவு நாள் பட்ட பாடெல்லாம்...”

“ஆம்புலன்ஸ் உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு. அதால பாலம் அரை அடி அகலமாகாது. இவர் வண்டி அப்படி இல்ல. ஒரு தடவை தள்ளினா மூணு கார். போன தடவை உங்க ஸ்கூட்டரெல்லாம் சேர்ந்து ஒண்ணும் பண்ணல. உங்களுக்கு இருவழிப் பாலம் வாங்கிக் கொடுத்தது இந்த இஸ்திரி வண்டிதான்.”

வலியில் இருந்த நூர் உட்பட, தீவு முழுக்கத் திரும்பி எல்லப்பனைப் பார்த்தது.

“நான் இன்னா பண்ணேன்?” என்றான் அவன். “தள்ளினு போனேன், தள்ளினு வந்தேன்.”

ஆம்புலன்ஸ் உள்ளே போய், நூரை ஏற்றிக்கொண்டு, சங்கு ஊதியபடி வெளியே பறந்தது. எண்ணுகிற என் ஆள் பேனாவைத் தூக்கியபடி சாரைப் பார்த்தார். இதை விட்டுவிடுவார் என்று நானும்தான் நினைத்தேன்.

“போச்சா?” என்றார் சார்.

“போச்சு சார்.”

“அப்ப எண்ணு.”

உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. மதியம் குரோம்பேட்டை ஆஸ்பத்திரியிலிருந்து பெண் குழந்தை என்று செய்தி வந்தது. அன்று மட்டும் சார் வெந்நீரை நிறுத்திவிட்டுப் பாய் வீட்டுப் பாயசம் குடித்தார், நின்றுகொண்டே.

கதை இங்கே முடிந்திருந்தால் அது அரசாங்கக் கதை இல்லை. புதுக் கணக்கு மேலே போனது. இருவழிப் பாலம் ரத்து, இணைப்புச் சாலையும் ரத்து. தீவில் பட்டாசு வெடித்தார்கள். உத்தரவின் அடுத்த பத்தியை நான்தான் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. இந்தப் போக்குவரத்துக்குப் புதுப் பாலமே தேவையில்லை, உடைந்த குழாயை மாற்றினால் போதும் என்று அதில் இருந்தது. தீவுக்காரர்களுக்கு எதையும் அளவாகச் செய்யத் தெரியாது. முதலில் ஊருக்கே ஆகிற அளவு வண்டி ஓட்டினார்கள், பிறகு ஊரே இல்லாத அளவுக்கு நிறுத்தினார்கள்.

டீச்சர் மறுபடி வந்தார். இந்த முறை மனு இல்லை, வெறுங்கை. மழைக்குத் தீவு மூழ்கும், கைக்குழந்தை இருக்கிறது, என்ன செய்யலாம் என்று மட்டும் கேட்டார். திருஞானம் சார் கோப்பை மூடி வைத்தார்.

“அகலத்தை வண்டி தீர்மானிக்கும். உயரத்தைத் தண்ணி தீர்மானிக்கும். வண்டி வந்து சொல்லிட்டுப் போயிடுச்சு. தண்ணி வரட்டும்.”

ஐப்பசி வரை அந்தக் கோப்பை அவர் திறக்கவில்லை. தாமதத்தை ஒரு கருவி போலப் பயன்படுத்தத் தெரிந்த மனிதர். மழை வந்தது, பாலம் மூழ்கியது. பேண்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, ஸ்டூலைத் தலைக்கு மேல் பிடித்தபடி சார் தீவுக்குள் நடந்தார். பின்னால் மட்டக் கருவியோடு நான், அளவுகோலோடு என் ஆள்.

இதுவரை கண்டதில் உயர்ந்த வெள்ளம் எவ்வளவு என்று அங்கே இருப்பவர்களைக் கேட்டு, சுவரில் இருக்கும் கறையோடு ஒப்பிட்டு எழுத வேண்டும் என்பது முறை. கேட்டோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரண்டு முறை சூடு பட்டவர்கள். உயரம் சொன்னால் மேம்பாலம் வந்துவிடுமோ, தாழ்த்திச் சொன்னால் குழாயே மிஞ்சுமோ என்று பயம். நீங்களே ஒரு நல்ல அளவாகப் பார்த்துப் போட்டுக்கோங்க சார் என்றார் பாய், கத்தரிக்காய் வாங்குகிற மாதிரி. சுவரில் கறையும் இல்லை. வீட்டை வாடகைக்கு விட வேண்டுமென்று எல்லோரும் தை மாதத்திலேயே வெள்ளையடித்துவிட்டார்கள்.

சார் மழையில் நின்று சுற்றிலும் பார்த்தார். தெரு முனையில் பிள்ளையார், தன் வயசுக்கு மீறிய உயரத்தில், படிக்கு மேல் படியாக நின்ற பீடத்தில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு படியும் ஒவ்வொரு நிறச் சிமெண்ட்.

“இவர் ஏன் இவ்வளவு உசரத்துல இருக்கார்?”

டீச்சர் வழக்கத்தைச் சொன்னார். சார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். செருப்பைக் கழற்றினார். அளவுகோலைக் கழுவிக் கொடுத்தால்தான் பீடத்தில் வைக்கலாம் என்றார் பூசாரி. கழுவினோம். மேல் படியின் விளிம்பில் வைத்து, ரயில்வே மதிலில் உயரம் பொறித்திருந்த மட்டக் குறியிலிருந்து நான் வாசித்துச் சொன்னேன். சார் எழுதிக்கொண்டார். அந்த வட்டாரத்தில் அவ்வளவு நேர்மையான வெள்ளப் பதிவு வேறு எங்கும் கிடையாது. அலுவலகக் கோப்பில் அதற்கு வேறு பெயர் இருந்தாலும், நாங்கள் கடைசிவரை பிள்ளையார் மட்டம் என்றுதான் சொன்னோம்.

அந்த மட்டத்துக்கு மேலே, ஒரு கார் போகிற அகலத்தில் பாலம் வந்தது. உயரமாகவும் ஒல்லியாகவும் இருக்கும், பார்க்க ஒட்டகம் போல. ஆம்புலன்ஸ் ஏறும். இடிபாடு லாரி ஏறாது. திறந்த மாதத்தில் ஒரு லாரி ஆசையாக வந்து, கைப்பிடிச் சுவரில் கண்ணாடியை உடைத்துக்கொண்டு, சாயங்காலம் வரை பின்னோக்கியே போனது. ஓட்டுநருக்கு எல்லப்பன் பக்கத்தில் நடந்து வழி காட்டினான். தீவு மொட்டை மாடிகளில் நின்று பார்த்தது. ஏரிக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆகாயத்தாமரை ஒரு பக்கம் படர்கிறது, மேல் காலனியின் சாக்கடை எங்கோ ஒரு பக்கம் கலக்கிறது, டீச்சர் அதற்கு இப்போது மனுக் கொடுக்கிறார். ஆனாலும் கூழைக்கடாக்கள் வருகின்றன. கிணறு இனிக்கிறது. நூரின் மகள் சைக்கிளில் அந்தப் பாலத்து ஏற்றத்தில் மிதித்து ஏறி, இறக்கத்தில் இரண்டு கையையும் விட்டுவிடுகிறாள்.

திருஞானம் சார் பிறகு மாற்றலாகிப் போனார், ஸ்டூலோடு.

இப்போது தீவில் புதிதாக அடுக்ககம் ஒன்று வந்திருக்கிறது. இரண்டு கார் வைத்திருக்கும் புதியவர்கள் பாலத்தை அகலப்படுத்தச் சொல்லி மனுக் கொடுத்திருக்கிறார்கள். அதனால்தான் கேமரா. அந்தப் பாலம் இரும்புலியூரில் என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். பதில் எழுதுவதற்கு முன் கண்ணால் பார்த்துவிடலாம் என்று போனேன்.

எல்லப்பனின் வண்டி பாலத்துக்கு வெளியே நின்றது. சக்கரத்தில் சங்கிலி. அவன் தேய்த்த துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, ஏற்றத்தில் மெதுவாக நடந்துகொண்டிருந்தான். கம்பத்தின் மேலிருந்த கேமராவை ஓரக்கண்ணால் பார்த்தபடியே போனான். திரும்பி வந்தபின், வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால் என்ன, வயசாகிறதே என்றேன்.

“வேணாம் சார். மூணு காரு” என்றான். “அது எண்ணிட்டுப் போவட்டும், அப்பால தள்றேன்.”

வீட்டுக்கு வந்து பிரவீணாவைக் கூப்பிட்டேன்.

“சாஃப்ட்வேர் கோளாறா சார்?”

“தள்ளுவண்டி பாலத்து மேல போச்சாம்மா?”

“இல்ல சார். நிக்குது. போகல.”

“போகலன்னா எண்ணாதே” என்றேன்.